தேர்தல் நடக்காத ஆண்டுகளில் யாரிடம் போய் முறையிடுவது?

வடபழனிவாசி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை. அன்று சனிக்கிழமை. வாக்குச்சாவடி என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைதான் என்றாலும் போகவில்லை. என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். காலை ஏழரை மணிக்கே போய் விரலில் மையோடு திரும்பி வந்து, "நீ போகலையா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார், அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை. சென்னையில் அன்று பதிவானது 43 விழுக்காட்டுக்குச் சற்று மேல், மாநிலம் முழுவதும் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆகவே நான் தனியன் அல்லன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனாலும் கேள்வி உறுத்துகிறது. இருநூறு வார்டுகள் கொண்ட ஒரு மாநகரில் என் ஒரு வாக்கு எதை மாற்றியிருக்கும்? கடமை, புனிதம் போன்ற சொற்களைத் தவிர்த்து இதற்கு விடை சொல்ல முடியுமா?

கணக்கன்:

நண்பரே, தாங்கள் கேட்பதை வெறும் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஒன்றரை லட்சம் பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், தங்கள் வாக்கு ஒன்றால் முடிவு மாற வேண்டுமானால் மற்றவர்களின் வாக்குகள் முதல் இருவருக்கும் சரிசமமாக விழுந்திருக்க வேண்டும். ஒருவருடைய வாழ்நாளில் அப்படி நடப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். வாக்களிப்பது மனநிறைவு தரும் செயலாக இருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை, நானும் வாக்களிப்பவன்தான். ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் செயல் என்று சொல்லி மக்களை அழைப்பது நேர்மையாகாது.

தலைமையாசிரியர் (ஓய்வு):

கணக்கன் ஐயா அவர்களுக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த "ஏறக்குறைய இல்லை" என்பது நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 2004இல் ஏ. ஆர். கிருஷ்ணமூர்த்தி தோற்றது ஒரே ஒரு வாக்கில். இராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008இல் சி. பி. ஜோஷி தோற்றதும் அதே ஒரு வாக்கில். அவர் அப்போது மாநிலக் காங்கிரஸ் தலைவர், முதலமைச்சர் பதவிக்குப் பேசப்பட்டவர். நம் மாநிலத்திலேயே 2021இல் தியாகராய நகர் 137 வாக்குகளில் முடிந்தது. தங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தொகுதிதான்.

இராதாபுரத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வழக்கில் என்னைப் போன்றவர்களின் கையெழுத்தே விவாதப்பொருளானது. 2016இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்குகளில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. தேர்தல் பணிக்குப் போனவர்கள் அனுப்பிய அஞ்சல் வாக்குகளில் 203 வாக்குகளை, சான்றொப்பமிட்ட நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் அதற்குத் தகுதியுள்ள அலுவலர் அல்லர் என்று சொல்லி நிராகரித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர் தகுதியுள்ளவரே என்று கூறி 2019இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமும் அப்படியே முடிந்துபோனது. ஒரு வாக்குக்கு மதிப்பில்லை என்றால், அந்த 203 உறைகளுக்காக மூன்று ஆண்டுகளுக்கும் மேல் இத்தனை பேர் நீதிமன்றப் படியேறியிருக்க மாட்டார்கள்.

நான் பணியிலிருந்த காலத்தில் பலமுறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். முந்தைய நாள் மாலையே பெட்டியும் படிவங்களுமாகப் போய்ச் சேர்ந்து, யாரோ ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பெஞ்சில் படுத்து, விடியுமுன் எழுந்து முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்துக் காட்டி, முத்திரை வைத்த பிறகுதான் முதல் வாக்காளரை உள்ளே விட முடியும். உள்ளாட்சித் தேர்தல் என்றால் கிராமத்தில் இன்னும் சீட்டுதான். ஒருவருக்கு நான்கு சீட்டுகள்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். சில நூறு வாக்காளர்களே உள்ள வார்டில் ஒற்றை வாக்கு வித்தியாசம் என்பது அதிசயமே இல்லை. சமமாக வந்து குலுக்கல் போட்டதையும் கண்டிருக்கிறேன். கணக்கன் ஐயாவின் ஒன்றரை லட்சம் அங்கே செல்லாது.

முன்னாள் முகவர்:

நான் ஒரு கட்சிக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாக்குச்சாவடி முகவராக இருந்தவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. தலைமையாசிரியர் ஐயா வெற்றி தோல்வியை வைத்துப் பேசுகிறார். கணக்கனும் அதைத்தான் பேசுகிறார். எங்கள் பார்வை வேறு. தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஓர் அட்டவணை வெளியாகும். எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது அதில் இருக்கும். அக்காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியும் தனித்தனியாகத் தெரிகிறது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையமே முன்மொழிந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

அதன் விளைவு என்னவென்றால், எந்தத் தெரு வாக்களிக்கிறது, எந்தத் தெரு வீட்டில் படுத்திருக்கிறது என்பது எங்களுக்கு மனப்பாடம். அன்று முழுவதும் எங்கள் கையில் ஒரு வாக்காளர் பட்டியல் இருக்கும். வந்தவர் பெயரை அடித்துக்கொண்டே இருப்போம். மாலை நான்கு மணிக்கு மேல் அடிக்கப்படாத பெயர்களைப் பார்த்துத்தான் ஆட்டோ அனுப்புவோம். ஆனால் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஆட்டோ அனுப்பியதே இல்லை. "அங்கே யாரும் வர மாட்டாங்க" என்று விட்டுவிடுவோம். தேர்தலுக்குப் பிறகு மழைநீர் வடிகாலுக்கு எந்தத் தெருவை முதலில் எழுதலாம் என்ற பேச்சு வரும்போதும் அதே வாக்கியம்தான் வேறு வடிவத்தில் வரும். வடபழனிவாசி கேட்ட கேள்விக்கு நான் தரக்கூடிய விடை இதுதான். உங்கள் வாக்கு யாருக்குப் போனது என்பது எங்களுக்குத் தெரியாது. உங்கள் தெரு சாவடிக்கு வந்ததா என்பது தெரியும்.

கணக்கன்:

முகவர் சொல்வது எனக்குப் புதிய செய்தி. என் கணக்கில் அது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதானே பணமும் கொடுக்கிறார்கள்? பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் என்று அடுத்தடுத்து நிறுத்தப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். நாட்டிலேயே இதில் முன்னோடி மாநிலம் நாம்தான். விலைக்குப் போகும் ஒன்றை உரிமை என்று எப்படி அழைப்பது?

முன்னாள் முகவர்:

பணம் கொடுத்தோம் என்பதை மறைக்கவில்லை. வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு சின்ன உண்மை: இருபுறமும் வாங்கிக்கொண்டு தம் விருப்பப்படி குத்திவிட்டு வருபவர்கள் நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகம். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது கொடுத்தவனுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் எண்ணிக்கை நாள்வரை அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த மறைப்பு அட்டை மட்டும் இல்லையென்றால் கணக்கன் சொல்வது முழுக்கச் சரியாகியிருக்கும்.

கல்வெட்டுப் பித்தன்:

இந்த இழையில் இன்னும் ஒருவரும் உத்திரமேரூரைக் குறிப்பிடவில்லை என்பது வியப்பாக உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. வாரியம் எனப்பட்ட நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் போட்டிக்கே வரக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாக்குரிமையை அறிந்திருந்த நாம், இன்று 43 விழுக்காட்டுடன் நிற்கிறோம்.

தலைமையாசிரியர் (ஓய்வு):

பித்தன் அவர்கள் பொறுத்தருள வேண்டும். குடவோலை வாக்குரிமை அன்று, குலுக்கல். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன். ஓலையில் பெயர் ஏறுவதற்கே கால் வேலிக்கு மேல் இறை (வரி) செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊரின், சபை. அந்த ஊரில் உழுதவனுக்கும் பெண்களுக்கும் குடத்தில் இடமில்லை. கணக்குக் காட்டாதவனை விலக்கியதை நானும் வகுப்பில் பெருமையுடன் சொல்லியிருக்கிறேன், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதை வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற அரசமைப்பின் 326ஆம் பிரிவோடு ஒன்றாக வைக்க முடியாது. விடுதலைக்கு முன் நடந்த மாகாணத் தேர்தல்களிலேயே சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் வாக்குரிமை கொடுத்தார்கள்.

உசிலம்பட்டி மருமகள்:

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. ஐயா "உழுதவனுக்கு இடமில்லை" என்று எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. குடத்தில் இடமில்லாமல் போவதற்கு ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போக வேண்டியதில்லை.

நான் 1998இல் உசிலம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தேன். 1996 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே தலைவர் இல்லை. ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வரும். ஒன்று, வேட்புமனுவே வராது. அல்லது ஊர்க்காரர்களே நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற சூட்டோடு விலகல் கடிதம் கொடுத்துவிடுவார். தேர்தல் நடந்ததாகவும் கணக்கு, தலைவர் இல்லை என்பதும் கணக்கு. அரசமைப்பில் எழுதியிருக்கும் ஒதுக்கீட்டை யாரும் கிழித்துப் போடவில்லை. வாக்குச்சாவடிக்குள் வரவிடாமல் செய்தாலே போதுமானதாக இருந்தது.

மேலூருக்குப் பக்கத்திலுள்ள மேலவளவில் அப்படியும் மனுச் செய்தவர் முருகேசன். முதலில் மனுச் செய்தவர்களின் வீடுகள் எரிந்தன, அடுத்து வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கடைசியில் 1996 டிசம்பர் இறுதியில் காவல்துறைப் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் அவர் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பி வந்தபோது, அவரும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019இல் அவர்களில் பதின்மூன்று பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். ஒரு வாக்கு எதையும் மாற்றாது என்று கணக்கன் அண்ணன் எழுதுகிறார். எதையும் மாற்றாத ஒன்றைத் தடுக்க யாராவது அரிவாள் எடுப்பார்களா?

பாப்பாபட்டி முதலிய நான்கு ஊர்களிலும் 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்தது. அப்போது மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் இயக்கங்களும் கட்சிகளும் எங்கள் பகுதியில் நடையாய் நடந்திருந்தன. அதை விட்டுவிட்டு ஆட்சியரை மட்டும் புகழ்வது நியாயமில்லை. வெற்றி பெற்ற நான்கு தலைவர்களையும் முதலமைச்சர் கருணாநிதி சென்னைக்கு வரவழைத்து விழா எடுத்தார். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராமசபையில் வந்து உட்கார்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மாமியார், "இந்த ஊருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இன்னொன்று. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடமாநிலங்களில் தம் பெயரைச் சொல்ல மறுத்து "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று மட்டும் பதிந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்கினார். கொடுமை என்று தோன்றும். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த வீடுகளுக்கு வந்தது. மருமகள் என்ற பெயரில் எழுதிக்கொண்டு நான் இதைச் சொல்வதில் உள்ள முரண் எனக்குத் தெரியும்.

கணக்கன்:

சகோதரி, தங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் முடிவைப் பற்றிப் பேசினேன். தாங்கள் நுழைவைப் பற்றிப் பேசுகிறீர்கள். இரண்டும் வேறு வேறு என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வடபழனிவாசி:

உசிலம்பட்டிச் சகோதரி எழுதியதை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு எனக்கே ஒன்று நினைவுக்கு வந்தது. சென்னையிலும் தேர்தல் இல்லாத காலம் இருந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, அறிவிப்பில் விதிமீறல் இருப்பதாகக் கூறி, உயர் நீதிமன்றம் அந்த மாதத் தொடக்கத்தில் ரத்து செய்தது. அதே மாதம் பழைய கவுன்சிலர்களின் காலமும் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேல், மாநகரில் ஒரு கவுன்சிலரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது, மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து வந்தது. அலுவலகத்துக்குப் போனால், கோபப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை, எண் கொடுத்தார்கள். மறுமுறை போனால் அதிகாரி மாற்றலாகியிருந்தார், புதியவர் வேறு எண் கொடுத்தார். ஐந்து மாதங்கள் கேன் தண்ணீர் வாங்கினோம். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். என் தாயார் அப்போது, "பழைய கவுன்சிலர் திருடன்தான், ஆனா வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தலாம்" என்றார். அப்படிக் கத்துவதற்கு ஓர் ஆள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவிருந்த நாளில்தான் நான் வீட்டில் இருந்தேன்.

தலைமையாசிரியர் (ஓய்வு):

தம்பி, தங்கள் தாயார் ஒரே வரியில் சொன்னதை நான் மூன்று பத்திகளில் சொல்ல முயன்றேன். கிராமங்களில் இது மறுபடியும் நடந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்: 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அங்கே தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஊராட்சித் தலைவர் இல்லாத கிராமசபையில் தீர்மானம் போடலாம். அடுத்த சபையில் யாரைப் பார்த்து "என்ன ஆயிற்று" என்று கேட்பது?

கல்வெட்டுப் பித்தன்:

குடவோலை குறித்த திருத்தத்தை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அந்த வாரியங்களின் காலம் 360 நாள். அதற்குப் பிறகு புதிதாக ஓலை இட்டாக வேண்டும்.

வடபழனிவாசி:

கடைசியாக ஓர் உதவி. சென்ற ஆண்டு சாலிகிராமத்துக்கு வீடு மாறினோம். பட்டியலில் தேடினால் என் பெயரும் தாயார் பெயரும் பழைய முகவரியிலேயே இருக்கின்றன. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனிப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமா?

முன்னாள் முகவர்:

தனியாக வேண்டாம், சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிப்பார்கள். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. படிவம் 6 புதிதாகச் சேருபவர்களுக்கு, அதைக் கொடுத்துவிட்டால் இரண்டு இடத்தில் பெயர் வந்து தொல்லை. இருவருக்கும் தனித்தனிப் படிவம் கொடுங்கள். பெயர் வந்த பிறகு பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மாடி ஏறச் சிரமமாக இருந்தால் சாவடி தரைத்தளத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

வடபழனிவாசி:

நன்றி அண்ணா. இரண்டு படிவங்களையும் இன்று காலை அனுப்பிவிட்டேன். தரைத்தளமா என்று அம்மாவிடம் கேட்டேன், "எந்தத் தளமா இருந்தா என்ன, ஏழு மணிக்குக் கதவைத் திறப்பாங்கல்ல?" என்கிறார்.